வளைவில் அஞ்சு நிமிசம்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில் மண்சரிவு பஸ்ஸை நிறுத்தியிருக்கிறது, மாடு நிறுத்தியிருக்கிறது, ஒருமுறை கல்யாண ஊர்வலமும் நிறுத்தியிருக்கிறது. ஆனால் தன் கால் வலிக்கிறது என்பதற்காக முழு பஸ்ஸையும் தினமும் நிறுத்திய மனிதர் இந்த மாகாணத்திலேயே ஒருவர்தான். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் 'அஞ்சு நிமிசம்'.

மாலை பஸ்ஸின் டிரைவர். ஏற்றத்தில் பாதி தூரம் வந்ததும் ஒரு வளைவு. அங்கே பாறையில் வழியும் தண்ணீர் குழாய்போலக் கொட்ட, மூங்கிலைப் பிளந்து ஒரு பீலி வைத்திருப்பார்கள். பஸ்ஸை ஓரங்கட்டி, "அஞ்சு நிமிசம்" என்று பொதுவாக அறிவித்துவிட்டு இறங்குவார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு கல்லில் உட்கார்ந்து, இரண்டு காலையும் பீலிக்கடியில் நீட்டுவார். போத்தலிலிருந்து இரண்டு மிடறு இஞ்சித் தேத்தண்ணி. பிறகு நனைத்த துவாய்த் துண்டைப் பிழிந்து கண்மேல் போட்டுக்கொள்வார். அதன்பின் உலகம் அழிந்தாலும் துவாயை எடுத்த பிறகுதான் அவரிடம் முறையிடலாம்.

ஒருநாள் கொண்டக்டர் பதறினார். "அண்ணே, பின்னால மத்த பஸ் வருது. நம்ம ஆளையெல்லாம் ஏத்திருவான்."

துவாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. "ஏத்தட்டும். அவனுக்கும் ஒருநாள் கால் வலிக்கும்."

தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா கிளினிக்குக்குப் போய்த் திரும்பும் நாட்களில் ஜன்னலோரம் உட்காருவார். "உங்களுக்கென்னப்பா, உக்காந்துகிட்டே வேல" என்று ஒருமுறை குத்தினார்.

"நீங்களும் எறங்குங்கக்கா. கொழுந்துச் சாக்க நேத்தே எறக்கிட்டீங்க. தோள இன்னும் எறக்கலையே."

செல்லம்மா அக்காவின் தோள் தானாக இறங்கியது. பஸ்ஸில் பாதிப் பேரின் தோளும் இறங்கியதை நான் பார்த்தேன். என் தோள் இறங்கவில்லை. அது அரசாங்கத் தோள்.

பதுளையில் ஒரு காரியாலயத்தில், கோப்புகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்தும் உத்தியோகம் எனக்கு. அதிலேயே பிரஷர் வந்துவிட்டது. "மனச லேசா வச்சுக்கங்க" என்றார் டாக்டர். அதற்காக விலை கூடிய ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். இரவு நான் தூங்காததை அது காலையில் படம் போட்டுக் காட்டும். அந்தக் கவலையில் அடுத்த இரவும் தூங்கமாட்டேன். இவ்வளவு பாடுபட்டு உடம்பைப் பேணுகிறவனின் ஐந்து நிமிடத்தை ஒரு டிரைவர் பீலியில் கரைப்பதா? வீட்டில் எனக்கு அவசர வேலை ஏதும் இல்லை என்பது உண்மைதான். கோபத்துக்கு அது ஒரு தடையல்ல.

பஸ் முதலாளிக்கு மகஜர் எழுதினேன். 'பயணிகளின் பொன்னான நேரத்தை' நாலு இடத்தில் போட்டு, டிரைவரை மாற்றும்படி பணிவுடன் வேண்டி, பஸ்ஸில் கையெழுத்துக்குச் சுற்றவிட்டேன். எங்கள் தோட்டப்பக்கம் மகஜர் என்று ஒரு தாள் வந்தால் அது ரோட்டுக்காக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீருக்காக. யாரும் வாசிப்பதில்லை, கையெழுத்தை வைத்துப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்கள். தாள் நிறைந்து வந்தது. நானும் அந்தப் பக்கத்து ஆள்தானே, யார் யார் வைத்தார்கள் என்று பார்க்காமலே தபாலில் சேர்த்தேன்.

பதில் வரவில்லை. ஒரு மாலை, தலை விண்ணென்று தெறிக்க, உண்மையில் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று சாட்சியம் சேகரிக்கக் கடிகாரத்தோடு இறங்கினேன். சேறாக இருந்ததால் சப்பாத்தைக் கழற்றினேன். கழற்றியாயிற்றே என்று காலைத் தண்ணீரில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனது.

மறுநாளும் இறங்கினேன். மூன்று வாரம் கழித்து டாக்டர் பிரஷரை இரண்டு தரம் அளந்து பார்த்தார்.

"கொறஞ்சிருக்கே. என்ன செஞ்சீங்க?"

"பஸ்ஸில வந்தேன் டாக்டர்."

அந்த வாரம்தான் முதலாளி பஸ்ஸில் ஏறினார். சட்டைப்பையில் என் மகஜர். குறைந்த பிரஷர் வட்டியோடு திரும்பி வந்தது.

வளைவில் பஸ் நின்றது. டிரைவர் வழக்கம்போல் இறங்கிப் போனார். முதலாளி எழுந்து தாளை விரித்தார். "இந்த ஆள மாத்தச் சொல்லி எல்லாருமே எழுதியிருக்கீங்க. நாளைக்கு வேற டிரைவர் போடுறேன்."

"மாத்தவா?" என்றார் செல்லம்மா அக்கா. "நாங்க ரோட்டுக்குல்ல கையெழுத்து வச்சோம்."

"கடைசிக் கையெழுத்து யாரோடது தெரியுமா? ஒங்க டிரைவரோடது."

பஸ்ஸில் எல்லாத் தலையும் பீலிப் பக்கம் திரும்பியது. நான் எழுந்தேன். "எழுதினது நான்தான் மொதலாளி. அஞ்சு நிமிசம் வீண்னு எழுதிட்டேன். அது தப்பு."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏற்கெனவே சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்த என் காலைப் பார்த்தார். அப்போது வெளியே துவாய்க்குள்ளிருந்து குரல் வந்தது.

"மொதலாளி, அந்தச் சப்பாத்து ஒங்களக் கடிக்குது. ஏறும்போதே பார்த்தேன். கழட்டிட்டு வாங்க."

திட்டுவதற்காகத்தான் இறங்கினார் என்று நினைக்கிறேன். ஆனால் சப்பாத்து உண்மையிலேயே கடித்திருக்க வேண்டும். தண்ணீரில் கால் பட்டதும் "ஹா" என்றார், பாறையில் சாய்ந்தார், குறட்டை விட்டார். எழுப்ப யாருக்குத் தைரியம்? கொண்டக்டர் உதட்டில் விரல் வைத்துக் காவல் நின்றார். மற்ற பஸ் எங்களைத் தாண்டிப் போனது. இருபது நிமிடம் கழித்து முதலாளி கண்ணைத் திறந்தார்.

"அஞ்சு நிமிசம் ஆச்சா?"

"ஆச்சுங்க மொதலாளி" என்றது முழு பஸ்ஸும்.

ஈரக் காலை என் மகஜரால் துடைத்துக்கொண்டு சப்பாத்தை மாட்டினார். "இதுக்கு மேல நிக்கக்கூடாது" என்றார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது.

எல்லோரும் ஏறும்வரை காத்திருந்து டிரைவரிடம் கேட்டேன். "நீங்களும் வாசிக்காமதான் போட்டீங்களா?"

"வாசிச்சேன் சேர். தமிழ் நல்லா இருந்துச்சு." துவாயைப் பிழிந்து தோளில் போட்டார். "எழுதின ஆளு தூங்கிப் பல நாளாச்சுன்னு தெரிஞ்சுது. இன்னொரு கையெழுத்து கெடச்சாலாவது தூங்குவாரேன்னு போட்டேன்."

மறுநாள் வளைவில் இறங்கியபோது டிரைவர் சற்றுத் தள்ளி ஒரு கரடுமுரடான கல்லில் உட்கார்ந்திருந்தார், கண்மேல் துவாயோடு. அவருடைய வழவழப்பான கல் காலியாக இருந்தது. இன்றுவரை அதில் நான்தான் உட்காருகிறேன்.