ஒரு டிகிரி குறைந்த மட்டை

பெருமாள்புரம், பாளையங்கோட்டை
கார்த்திகை மூன்றாம் நாள்

அன்புள்ள மைத்துனன் பாலசுப்பிரமணியனுக்கு, அத்தான் ஆவுடைநாயகம் எழுதுவது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, உன் அக்காள் உலகம்மாளுக்கு முழங்கால் வலி போய்விட்டது. இவ்விரண்டையும் வைத்து இங்கே எல்லோரும் சுகம் என்று நீயே முடிவுசெய்துகொள்ளலாம். துபாயில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை, எழுதவும். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் சொல்ல மாட்டான். விடை இதுதான்: நீ ஆடி மாதம் அனுப்பிய கோல்ஃப் மட்டையைப் போலவே இன்னொன்று, தை பிறக்குமுன் எனக்கு வேண்டும். வழிமுறை கீழே.

ஆனி மாதம் நம் மகள் விஜயஸ்ரீயைப் பெண் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்தார்கள் அல்லவா, அன்றைக்கு மாப்பிள்ளையின் தகப்பனார் குற்றாலலிங்கம் வாழைக்காய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த உன் போட்டோவைப் பார்த்தார். நீ கோல்ஃப் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற போட்டோ. அதைக் கழற்றிவிடு என்று உன் அக்காளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அண்ணாச்சி, நீங்களும் ஆடுவியளோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் கேட்டவர் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது, எதிரே விஜயஸ்ரீ காப்பித் தட்டோடு நின்றாள், என் வாய் "ஏதோ, காலையில கொஞ்சம்" என்று சொல்லிவிட்டது. "அப்ப தை மாசம் நிச்சயதார்த்தத்துக்கு முன்ன கொடைக்கானல்ல ஒரு ஆட்டம் போட்டுருவோம்" என்றார். திருநெல்வேலியில் எந்த மைதானத்தில் ஆடுகிறீர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஒரு பொய் வெளியே வந்தால் பெண்ணின் வயது, படிப்பு, ஜாதகம் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்ப்பார்கள், சம்பந்தமே நின்றாலும் நிற்கும். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன்.

நீ மூன்று மட்டைகளின் படம் அனுப்பினாய். தரையில் கிடக்கிற பந்தைத் தூரமாக அனுப்ப ஃபேர்வே வுட்தான் வேண்டும் என்றாய். வுட் என்றால் மரம். பல் குத்தக்கூட அதன் தலையில் மரம் கிடையாது, அத்தனையும் உலோகம். பெயர் வைத்தவன் விடைத்தாள் என்னிடம் வரவில்லை, விட்டுவிடுவோம். மூன்றாம் நம்பருக்குப் பந்தில் படுகிற முகம் 15 டிகிரி சாய்வு: சரியாகப் பட்டால் தூரம் போகும், தப்பாகப் பட்டால் போகவே போகாது. ஏழாம் நம்பருக்கு 21 டிகிரி: யார் அடித்தாலும் எழும்பும், ஆனால் பையில் அதைக் கண்டதும் ஆள் கற்றுக்குட்டி என்று சம்பந்தி கண்டுபிடித்துவிடுவார். நடுவே ஐந்தாம் நம்பர், 18 டிகிரி. அதிலும் நீ சிபாரிசு செய்தது தலை பெரிதாய், கனம் பின்பக்கமாய் இருப்பது. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் ஏறக்குறைய நேராகவே போகும். "தப்பை மன்னிக்கிற மட்டை அத்தான்" என்றாய். கழுத்தில் ஒரு திருகாணி இருக்கிறது, கூடவந்த சாவியால் தளர்த்தித் திருப்பி வைத்தால் சாய்வை இரண்டு டிகிரி வரை கூட்டலாம், குறைக்கலாம். 20 டிகிரிக்குக் கூட்டிவைத்தால் வெளியே ஐந்து, உள்ளே கிட்டத்தட்ட ஏழு, பார்க்கிறவருக்குத் தெரியாது. பரீட்சையில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் எழுப்பி வெளியே நிறுத்தியிருப்பேன். எனக்கென்று வந்தபோது ரொம்பப் பிடித்துவிட்டது.

நாங்குநேரிப் பக்கம் உங்கள் வயலை ஒட்டிய குளம் ஆவணியில் வறண்டு கிடந்தது. மட்டையைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடுவேன். முதல் நாள் 18 டிகிரியில் நாற்பது தடவை வீசினேன். பதினொன்று எழும்பியது, இருபத்திரண்டு உருண்டது, மீதி ஏழு தடவையும் பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் 20-இல் நாற்பதுக்குப் பத்தொன்பது எழும்பியது. எல்லாம் நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது. அங்கே ஆடு மேய்க்கிற கோமு என்கிற பெண்தான் பந்து பொறுக்கித் தருவாள். ஒருநாள் கேட்டாள்: "ஐயா, கம்பு இம்புட்டு நீளம், பந்து இத்துனூண்டு. பைய குனிஞ்சு எடுத்து கையால எறிஞ்சா என்ன?" நான் அடுத்த பந்தை வைத்தேன். எறிந்தால் அதிகத் தூரம் போகும் என்பது எனக்கும் தெரியும்.

சாவியை "டக்" என்று சத்தம் கேட்கும்வரை திருகு என்று எழுதியிருந்தாய். என் இடது காது மந்தம் என்பதை நீ மறந்தாய், அந்தக் காதுப் பக்கமே பிடித்துத் திருகிய நானும் மறந்தேன். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் வீசினேன், பந்து அங்கேயே இருந்தது, மட்டையின் தலை போயிற்று. என் கையிலிருந்து போனவற்றில் அதுதான் அதிகத் தூரம், நூல் பிடித்த மாதிரி நேராகவும் போய் எருமைகள் கிடந்த சேற்றில் விழுந்தது. கோமு இறங்கி எடுத்துவந்து, "எருமை மண்டையில பட்டிருந்தா யாரு பதில் சொல்லுதது?" என்று கேட்டாள். கேட்காத சத்தத்துக்காகத் திருகித் திருகித் திருகாணியின் மரை நைந்துபோயிருந்தது.

மேலப்பாளையத்தில் லேத் பட்டறை ஒன்று இருக்கிறது, அங்கே ஆகாத வேலையே கிடையாது என்று சொல்லி ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டார். பட்டறைக்காரன் என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டான். "சார், நான் காஜா முகைதீன். ஒன்பதாங்கிளாஸ். முப்பத்தி நாலு" என்றான். எனக்கும் ஞாபகம் இருந்தது. முழுப் பரீட்சையில் முப்பத்தைந்து வாங்கவேண்டியவன். இரண்டு விடைகளில் செ.மீ. என்று அலகு எழுதாமல் விட்டதற்கு அரை அரையாக ஒரு மார்க் குறைத்து ஃபெயிலாக்கினேன். அவன் தாயார் ஆபிதா பீவி பள்ளிக்கூடத்துக்கே வந்து, "பாத்துப் போடுங்க சார்" என்று கேட்டார். அலகு எழுதாத விடை விடையே இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அதோடு அவன் பட்டறை வேலைக்குப் போய்விட்டான்.

"எதுல வைக்கணும் சார்?" என்று கேட்டான். 20 டிகிரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால், கழுத்தில் குறுக்கே துளை போட்டு இரும்பு ஆணியை இறக்கி, ராவி, கறுப்புப் பெயிண்டும் அடித்து வைத்திருந்தான். "கழறுத மாதிரி எவம் சார் செஞ்சான்? இனி உங்க பேரன் வந்தாலும் கழத்த முடியாது" என்றான். கழற்றி மாற்றுவதற்காகவேதான் அதை வாங்கினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்திலிருந்த திருப்தியைப் பார்த்து விட்டுவிட்டேன். பையிலிருந்த கோணமானியை வைத்துப் பார்த்தேன். 19 இருந்தது. "ஒண்ணு குறையுதேப்பா" என்றேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுதான சார்" என்றான். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான், டீயும் வாங்கிவரச் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே இன்னொரு மட்டை. அதே ஐந்தாம் நம்பர், 18 டிகிரி, சாவியோடு. "டக்" சத்தம் பலமாகக் கேட்கிற ரகம் இருந்தால் உத்தமம். காஜாவின் அக்காள் மகன் நாசர் வெள்ளிக்கிழமை துபாய் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து மேலப்பாளையத்துக்கு வாரம் ஒருவராவது வருவார்கள், யாரிடமாவது கொடுத்துவிடு. நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் உன் வீட்டுக்குக் கூட்டலும் பெருக்கலும் மட்டுமே தரட்டும். கழித்தல் எங்களோடு போகட்டும்.

ஆசிகளுடன்,
அத்தான் ஆவுடைநாயகம்

பின்குறிப்பு: மட்டை அனுப்ப வேண்டாம். கடிதத்தை மடித்த பிறகு உறையை ஒட்ட மனம் வரவில்லை. சம்பந்திக்குப் போன் போட்டு, எனக்கு ஆடத் தெரியாது, அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். "தெரியும் அண்ணாச்சி, உங்க மக அன்னைக்கே வாசல்ல வச்சு சொல்லிட்டா" என்றார். பின்னே ஏன் கூப்பிட்டீர்கள் என்றேன். "இங்கன யாரும் எங்கூட ஆட வரமாட்டேங்காங்க. நீங்க மானத்துக்கு அஞ்சியாவது படிச்சிட்டு வந்துருவியன்னு நெனச்சேன். தைக்கு அவசியம் வந்துருங்க" என்றார். ஆகவே கொடைக்கானலுக்கு 19 டிகிரியோடுதான் போகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு முதல் அழைப்பு காஜாவுக்கு. நாளை நானே நேரில் போய் ஆபிதா பீவியிடமும் சொல்லிவிட்டு வருவேன். பழைய பழக்கத்தில் இந்தக் கடிதத்தைச் சிவப்புப் பேனாவோடு ஒருமுறை படித்தேன். "20-இல்" என்று ஓரிடத்திலும், "19 இருந்தது" என்று இன்னோரிடத்திலும் டிகிரி என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். அரையும் அரையும் ஒன்று. திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன். பார்த்துப் போடு.