எந்தக் கால்?

“எழுந்திருங்க. இது மாற்றுத்திறனாளிங்க பெட்டி. வெளிய எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?”

கோதண்டம் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். பேசின் பிரிட்ஜில் ஏறி, கம்பியைப் பிடித்து, மூச்சை அடக்கி, இடுப்பை மெல்ல மெல்ல இறக்கி சீட்டில் சேர்ப்பதற்குள் கொருக்குப்பேட்டை வந்துவிட்டது. எழுந்திருப்பதென்றால் அது இன்னொரு பெரிய வேலை.

“நானும் அந்தக் கேசுதான் சார். முதுகுல அடி,” என்றார்.

அதட்டியவர் ராமசுப்பு. தொழிற்சாலையில் மெஷினுக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலோடு பொன்னேரிக்குப் போய்வருகிறவர். அந்தப் பெட்டிக்கு அவரை யாரும் காவல் வைக்கவில்லை. ஆனால் கல்லூரிப் பையன்கள் ஏறி உட்கார்ந்துகொள்ள, கால் இல்லாதவர்கள் கதவோரம் தொங்கியதை அவர் பார்த்திருக்கிறார். அதனால் ஏறுகிற ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை அளப்பார். கோதண்டத்தையும் அளந்தார். காரியம் கெட்டது அங்கேதான்.

ஐம்பத்தேழு வயதிலும் கோதண்டம் ஆறடி உயரம், கத்தரித்த மீசை, நிமிர்ந்த நடை. நிமிர்வுக்குக் காரணம் கம்பீரம் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் துறைமுகத்தில், கப்பல்மேல் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலையில் இரண்டாவது அடுக்கிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் இரண்டு கம்பியும் ஆறு ஸ்க்ரூவும் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். குனிய வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் குனிய முடியாது.

“அடி பட்ட ஆளா? போலீஸ் செலக்‌ஷனுக்குப் போற ஆள் மாதிரில்ல இருக்கீங்க,” என்றார் ராமசுப்பு.

பெட்டி சிரித்தது. கோதண்டம் எழுந்தார். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். இறங்கும்போது இரண்டு பாதமும் மரத்துப்போய் அவரிடம் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு குடோன் வாசலில் உட்கார்ந்து உள்ளே வரும் லாரி நம்பர்களை எழுதுவது அவர் வேலை. நினைத்தபோது எழலாம், நினைத்தபோது உட்காரலாம். இந்த முதுகை ஒத்துக்கொண்ட ஒரே நாற்காலி அதுதான். ஆனால் நின்றுகொண்டே வந்த நாட்களில் கை நடுங்கி நம்பர் தப்பியது. இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். வேலை போனால், புளியந்தோப்பு வீட்டில் நாள் முழுக்க மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே வலியைத் தவிரத் துணை கிடையாது. அவருக்கு அதில்தான் பயம்.

“கவர்மெண்டு குடுத்த ஊனமுற்றோர் கார்டு இன்னாத்துக்குக் கீது? பீரோவுல வெச்சி பூசை பண்ணவா?” என்றாள் மனைவி கெங்கம்மா. “எடுத்துகினு போயி அவன் மூஞ்சிக்கு நேரா காட்டு.”

மறுநாள் காட்டினார். ராமசுப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, “பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார். அவரோடு முடிந்ததா என்றால் இல்லை. தண்டையார்பேட்டையில் ஏறினவர் முறைத்தார். எண்ணூரில் ஏறினவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் பின்பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுக்க இடுப்பைத் திருப்ப வேண்டும். திருப்பக்கூடாத இடுப்பு அது. அன்று ஒன்பது முறை திருப்பினார்.

கெங்கம்மா அட்டையை லேமினேட் செய்து, சிவப்பு ரிப்பன் கோத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

அதோடு கேள்வி நின்றது. ஆனால் கழுத்தில் அட்டை, ஆறடி உயரம், மீசை. பெட்டி தெரியாமல் ஓடி வந்து ஏறிய ஒருவன் அவரைப் பார்த்ததும் டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து, வண்டி நகர்ந்த பிறகு குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். சுண்டல் விற்பவர் சொல்லாமலே ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுப் போனார். ஃபேன் ஓடவில்லை என்று மூன்று பேர் அவரிடம் புகார் சொன்னார்கள். கோதண்டம் ரிப்பனைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“அப்ப பெல்ட்ட சட்டைக்கு மேல போடு. எல்லாருக்கும் தெரியட்டும்,” என்றாள் கெங்கம்மா.

டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட் அகலமானது, கறுப்பு, நாலு வார். அதைச் சட்டைக்கு மேலே இறுக்கிக்கொண்டு போனார். திருவொற்றியூரில் கோவிந்தம்மா ஏறினாள். பிறவியிலேயே ஒரு கை சூம்பியவள், பொன்னேரி சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிறவள். பெல்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“மூட்ட தூக்குற ஆளா நீ? நல்லதாப் போச்சி. இத்தக் கொஞ்சம் மேல வெச்சிடு அண்ணே. எனுக்கு ஒரு கைதான் கீது.”

ஒரு கை உள்ள பெண்ணிடம், இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஆண் முடியாது என்று எப்படிச் சொல்வது? கோதண்டம் சொல்லப் பார்த்தார். வாய் வரவில்லை. மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார். பொன்னேரியில் இறக்கியும் கொடுத்தார். அடுத்த மூன்று நாள் கெங்கம்மாதான் அவரைக் கக்கூசுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். விஷக்காய்ச்சல் என்று குடோனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

நாலாவது நாள் அவள் ஒரு கைத்தடி வாங்கி வந்தாள்.

“தடி வெச்சிகினு கீறவன எவனும் கேள்வி கேக்க மாட்டான், மூட்டையும் தூக்கச் சொல்ல மாட்டான்.”

உண்மையாகவே யாரும் கேட்கவில்லை, கோவிந்தம்மாவைத் தவிர. அவளுக்கு அவர்மேல் அக்கறை வந்திருந்தது.

“இன்னாண்ணே, தடியெல்லாம்? எந்தக் காலு?”

கோதண்டம் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. ராமசுப்பு பேப்பரைத் தாழ்த்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலது,” என்றார் கோதண்டம்.

சொன்ன பிறகு நொண்டாமல் இருக்க முடியுமா? நொண்டத் தெரிய வேண்டும். அதற்கு அந்தப் பெட்டியிலேயே ஒரு ஆள் இருந்தான். வசீம், முப்பத்தைந்து வயது, கும்மிடிப்பூண்டியில் செல்போன் ரிப்பேர் கடை. வலது கால் மெலிந்தது. ஒவ்வொரு அடிக்கும் வலது கையைத் தொடைமேல் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காலைத் தூக்கி வைப்பான். அவனைப் பார்க்கிற எவரும் நொடியில் ஒதுங்கி வழிவிடுவார்கள். கோதண்டம் ஒரு வாரம் அவன் நடையை ஜாடையாகப் பார்த்துப் பாடம் செய்தார். வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்குமாக ஒத்திகை நடந்தது.

“கைய தொட மேல வெய்யி. சாயி. இன்னும் சாயி,” என்றாள் கெங்கம்மா. “நட சரியா கீது. மூஞ்சிதான் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி கீது. வலிக்கிறா மாதிரி வெய்யி.”

“நெசமாவே வலிக்குது கெங்கா.”

“அப்ப அத்த வெளிய காட்டேன்.”

“வர மாட்டேங்குது.”

வராதுதான். பதினைந்து வருடமாக வலியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தார். பழகியது முழுக்க இவளுக்காகத்தான். கெங்கம்மாவுக்கு அது தெரியும். அவள் அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம், “சரி, மூஞ்சி இருக்கட்டும். இன்னொரு தபா நட,” என்றாள்.

வசீமின் நடை அற்புதமாக வேலை செய்தது. கோதண்டம் ஏறின உடனே நாலு பேர் நகர்ந்தார்கள். ராமசுப்புகூடக் கேள்வி கேட்கவில்லை. கதவோர சீட்டிலிருந்து வசீமே முதலில் எழுந்தான்.

“இங்க குந்து நைனா. கதவாண்ட கீது, எறங்க சுளுவா இருக்கும்.”

அப்போது ஆரம்பித்தது புது வேதனை. கோதண்டம் உட்கார்ந்திருக்க, வசீம் எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த மெலிந்த கால் ஆடியது. கோதண்டத்துக்கு வலியைப் பற்றித் தெரியும். குலுங்கும் வண்டியில் நிற்பது என்ன என்றும் தெரியும். ஒருவனுடைய வலியைத் திருடிக்கொண்டு, அவனுடைய சீட்டையும் பிடுங்கிக்கொண்டோம் என்று அவர் மனம் அறுத்தது.

“நீ குந்து தம்பி. நான் நிக்கிறேன்.”

“பரவால்ல நைனா. பெரியவரு நீ.”

தினமும் இதே பேச்சு, தினமும் அதே சீட். கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பினால் முதுகு வலிக்கும். அந்த வலி தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வார்.

இல்லாத நோய்க்கு ஒரு மாதம் நொண்டினால் இருக்கிற முதுகு சும்மா இருக்குமா? உடம்பு ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து, இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரைக்கும் நெருப்பு மாதிரி ஒரு இழுப்பு கிளம்பியது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார்.

“ஏன் இப்படிக் கோணலா நடக்கிறீங்க? இப்படியே நடந்தா அந்தக் கால் நரம்பு செத்துடும். நேரா நடங்க.”

“நேரா நடந்தா சீட்டு கெடைக்காது டாக்டர்.”

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, தூக்கத்துக்கும் ஒரு மாத்திரை எழுதினார்.

இப்போது கோதண்டத்தின் நிலைமை இது: நிஜமாக வலிக்கிற இடது காலில் நொண்டக்கூடாது, ஒன்றும் ஆகாத வலது காலில் நொண்ட வேண்டும். ஒரு வாரம் பல்லைக் கடித்து ஓட்டினார். அடுத்த திங்கட்கிழமை பேசின் பிரிட்ஜில் ஏறும்போது இடது கால் மடங்கிவிட்டது. கை தானாக இடது தொடைக்குப் போனது. தடியும் கை மாறியது. அப்படியே இரண்டு அடி நடந்து உள்ளே வந்தார்.

“நில்லுங்க,” என்றார் ராமசுப்பு. “வெள்ளிக்கிழமை வரைக்கும் வலது கால். இன்னைக்கு இடதா? நாளைக்கு என்ன, கையா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“கார்டை எடுங்க. அதையும் இப்படித்தான் வாங்கினீங்களா? திருவொற்றியூர்ல ரயில்வே போலீஸ் நிக்கும். அவங்ககிட்ட குடுத்துடறேன். விசாரிக்கட்டும்.”

கோதண்டம் அட்டையைக் கொடுத்தார். அட்டை போனால் சீட் இல்லை, சீட் போனால் வேலை இல்லை. உட்காரக்கூடத் தோன்றாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கன்டெய்னர், விழுந்தது, இரண்டு கம்பி, ஆறு ஸ்க்ரூ, ரிப்பன், பெல்ட், கருவாட்டு மூட்டை, தடி.

ராமசுப்பு குழம்பிப் போய்விட்டார். “அப்போ எந்தக் கால்தான்யா வலி?”

“காலே இல்ல சார். முதுகுதான். இப்ப எடது காலும் சேந்துகிச்சி. வலது காலு ஒண்ணுதான் ஒயுங்கா கீது.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன் சார். மொத நாளே சொன்னேன்.”

திருவொற்றியூர் வந்தது. பிளாட்பாரத்தில் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். ராமசுப்பு அவரைக் கூப்பிடவில்லை. கோவிந்தம்மா மூட்டையை இழுத்துக்கொண்டு ஏறினாள். வண்டி கிளம்பிய பிறகு, ராமசுப்பு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் வைத்திருந்த தன் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உட்காருங்க,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “என்மேலயும் தப்பு இருக்கு.”

கோதண்டம் உட்காரவில்லை. அவருக்கு இன்னொருவரிடம் தீர்க்க வேண்டியது இருந்தது. தடியைச் சாய்த்துவிட்டு வசீமிடம் போய், அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“தம்பி, உன்னப் பாத்துதான் இந்த நடய கத்துகினேன். உன் வலிய எட்த்து எனுக்கு மாட்டிகினு, ஒரு மாசமா உன்ன நிக்க வெச்சிட்டேன். அந்தக் காலு எப்டித் துடிச்சிருக்கும்னு எனுக்குத் தெரியும். மன்னிச்சிக்கப்பா.”

வசீம் குனிந்து தன் காலைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான்.

“வலியா? ரெண்டு வயசுல போலியோ வந்தது நைனா, எனுக்கு வெவரம் தெரிஞ்சி இந்தக் காலு ஒரு நாள்கூட வலிச்சதில்ல.”