பன்னிரண்டாம் அறை மந்திரி

டென்மார்க்கில் நான் பயந்து நடுங்கிய மந்திரி ஒரே ஒருவர்தான். அவர் கோப்பன்ஹேகனில் இருக்கவில்லை. கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில், பன்னிரண்டாம் அறையில், ஒரு கட்டில், ஒரு கதிரை, இரண்டு சூட்கேசோடு இருந்தார்.

சோவியத் நாட்டின் தெற்கு மூலையில் இருந்த ஒரு மலைநாட்டுக் குடியரசில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்து, பிறகு அங்கேயே சுகாதார மந்திரியானவர். அப்படித்தான் அவர் சொன்னார். தள்ளாத வயதில் மகளோடு இருக்க கிரின்ஸ்டெட் வந்தார். மகள் அவரை முந்திக்கொண்டு போய்விட்டாள். தினமும் பின்னேரம் ஊன்றுகோலோடு மயானத்துக்கு நடந்து போய், மகளின் கல்லைத் துடைத்துவிட்டு வருவார். மழையோ பனியோ, ஒருநாளும் தவறியதில்லை.

அவருக்கு டேனிஷ் வராது. இல்லத்தில் ரஷ்ய மொழி தெரிந்தவன் நான் மட்டும். சோவியத் இருந்த காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்து அங்கே பொறியியல் படிக்கப் போய், குளிருக்கும் கணக்குக்கும் தாக்குப்பிடிக்காமல் இரண்டே வருடத்தில் ஓடிவந்தவன் நான். மிஞ்சியது மொழி மட்டும்தான். அதனால் மந்திரியின் வாயாக நான் நியமிக்கப்பட்டேன்.

காலையில் அறைக்குள் காலை வைத்தால் முதலில் கையை நீட்டச் சொல்வார். நகம் நகமாகப் பார்ப்பார். முழங்கை வரை கழுவாதவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். என்னோடு வேலை செய்த ரஞ்சி அக்கா ஒருநாள் வெளியே வந்து சொன்னா:

"தம்பி, என்ரை மனுசன் கலியாணம் கட்டின நாள் துவக்கம் என்ரை கையை இவ்வளவு நேரம் பிடிச்சுப் பார்த்ததில்லை!"

அவர் சொல்லும் கதைகளைக் கேட்டால் வாய் மூடாது. பனிச்சரிவில் பாதை அடைபட்டபோது, கோதுமை ஏற்றும் லொறித் தட்டிலேயே ஒரு பெண்ணுக்குக் குடல்வால் எடுத்தாராம். பார்த்துக்கொண்டிருந்த சாரதி மயங்கி விழுந்து மண்டையை உடைக்க, மிச்ச நூலில் அவனுக்கும் தையல். மந்திரியான பிறகும் வியாழக்கிழமைகளில் மந்திரிசபைக்குப் போகமாட்டாராம். அன்று சத்திரசிகிச்சை நாள். ஒருமுறை கிழிந்த கோட்டோடு, வயிற்றுவலி என்று சொல்லித் தன் ஆஸ்பத்திரி ஒன்றிலேயே வரிசையில் நின்றாராம். ஐந்தாவது மணித்தியாலத்தில் டொக்டர் நிமிர்ந்து பார்த்தால் எதிரே மந்திரி.

"பிறகு என்ன நடந்தது, ஐயா?"

"டொக்டருக்கு வயித்துவலி வந்திட்டுது."

இந்தப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. காலியான அறைகளில் புகுந்து படுத்து, அழைப்பு மணியை அடித்துவிட்டு, நாங்கள் எத்தனை நிமிடத்தில் வருகிறோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் கதைப் படிவம் ஒன்று நிரப்புவோம். தொழில் என்ற இடத்தில் அவர் சொன்னதை நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் மந்திரி என்றால் முன்னால் இரண்டு ஜீப், பின்னால் மூன்று ஜீப், உத்தியோகம் கிடைத்த ஒரு பட்டாளம் மருமக்கள். ஒரு மந்திரியின் சொத்து இரண்டு சூட்கேசில் அடங்குமா? பாவம், மனிதர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்து, அவருடைய மானத்தைக் காப்பாற்ற "ஆஸ்பத்திரி ஊழியர்" என்று எழுதிவிட்டேன்.

அது வினையாக வந்து முடிந்தது. தன்னை மந்திரி என்று நினைக்கிறார், அடுத்த அறைகளில் படுக்கிறார் என்று கொம்யூனுக்கு, அதாவது உள்ளூராட்சி அலுவலகத்துக்கு, அறிக்கை போனது. வேறு ஊரில் வாசல் பூட்டி வைத்திருக்கும் மறதி நோயாளர் பிரிவுக்கு அவரை மாற்றலாமா என்று பார்க்க ஒரு தாதி வந்தார். அங்கே போனால் மயானத்துக்கு நடக்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறதியைச் சோதிக்க, தாதி மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார். கீறிக் கொடுத்துவிட்டு, "இதே சோதனையை நான் எத்தினை பேருக்குச் செய்திருப்பன்" என்றார் மந்திரி.

"என்ன வேலை பார்த்தனீங்கள்?"

"சுகாதார மந்திரி."

தாதி படிவத்தைப் பார்த்தார். அவரை இரக்கத்தோடு பார்த்தார். ஏதோ எழுதினார். நான் வாயைத் திறப்பதற்குள் மந்திரி எழும்பி, ஊன்றுகோலை வைத்துவிட்டு, தாதிக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார்.

கோப்பியோடு வந்த ரஞ்சி அக்கா கத்தினா. "ஐயோ தம்பி, நெரிக்கிறார்! பிடியும்!"

மந்திரி ஒரே ஒரு சொல் சொன்னார். நான் கூட்டாமல் குறைக்காமல் டேனிஷில் சொன்னேன். "விழுங்குங்கோ."

தாதி பயத்தில் விழுங்கினார்.

"இன்னொருக்கா."

விழுங்கினார். மந்திரி கையை எடுத்தார். "வலப்பக்கம் ஒரு கட்டி. சின்னன். இந்தக் கிழமையே காட்டு. பயப்பிடாதை, நேரத்தோடை பிடிச்சாச்சு."

தாதி தன் கழுத்தைத் தானே தடவித் தடவிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. இனியும் பேசாமல் இருந்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது.

"அந்தப் படிவம் பிழை," என்றேன். "அவர் சரியாத்தான் சொன்னவர். நான்தான் நம்பாமல் மாத்தி எழுதினனான்."

தாதி தான் எழுதியதை ஒரே கோடாக வெட்டினார். சில கிழமைகளில் கடிதம் வந்தது: இடமாற்றம் இல்லை. கீழே தாதி கையால் ஒரு வரி எழுதியிருந்தார். கட்டியை எடுத்துவிட்டார்களாம், சுகமாக இருக்கிறாராம், டொக்டருக்கு நன்றியாம்.

கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, படிவத்தில் நான் செய்த வேலையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீ நம்பாததிலை என்ன புதினம்? என்ரை அம்மாவே கடைசி மட்டும் நம்பேல்லை. ரேடியோவிலை என்ரை பேரைச் சொல்ல, 'ஆரோ அதே பேர்க்காரன்' எண்டு சொல்லிப்போட்டு மாட்டிலை பால் கறக்கப் போட்டா."

பிறகு கோட்டையும் ஊன்றுகோலையும் எடுத்தார். "சரி, மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்."

என் வேலை நேரம் முடிந்து அரை மணித்தியாலமாகியிருந்தது. உங்களை எனக்கு நல்லாய்ப் பிடிக்கும் ஐயா என்பதை ரஷ்ய மொழியில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். இரண்டு வருடப் படிப்பில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.