சோடியத்தின் கடைசித் தட்டு

கெமிஸ்ட்ரி டீச்சர்களை நல்ல காரியம் நடக்கும் இடத்தில் விடவே கூடாது. நானே கெமிஸ்ட்ரி டீச்சர்தான், சொல்கிறேன்.

என் தங்கைக்கு நிச்சயதார்த்தம், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். எங்கள் பக்கம் பதினோரு வரிசைத் தட்டு, ஓரிக்கையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பக்கம் பதினேழு. (ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?)

தட்டுகளுக்குக் காவலாக என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கை, பத்தாவது படிப்பவள். மறுநாள் டெஸ்ட் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சோடியம் எதுக்குக்கா குளோரினுக்கு எலக்ட்ரானக் குடுக்கணும்? அதும்பாட்டுக்கு இருந்தா இன்னா?"

நானும் என்பாட்டுக்கு இருந்திருக்கலாம். ஆனால் சோடியத்துக்கு எலக்ட்ரான் பதினொன்று, குளோரினுக்குப் பதினேழு என்பது அந்த நேரம் பார்த்து உறைத்துத் தொலைத்தது. சம்பந்தி வீட்டில் நல்ல பெயர் வாங்கும் ஆசை வேறு. எங்கள் தட்டுகளை இரண்டு, எட்டு, ஒன்று என்று வரிசை பிரித்தேன். அவர்களுடையதை இரண்டு, எட்டு, ஏழு.

"வெளி வரிசைல எட்டு இருந்தாத்தான் நிலையா இருக்கும். உங்களுக்கு ஒண்ணு குறையுது. எங்களுக்கு ஒண்ணு தனியா நிக்குது. அத குடுத்துட்டா எங்களுக்கும் எட்டுல முடிஞ்சிடும்." ஆப்பிள் தட்டை அந்தப் பக்கம் தள்ளினேன். "குடுத்தவங்க பாசிட்டிவ் அயனி, வாங்கினவங்க நெகட்டிவ் அயனி."

அவள் முகம் மலர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை விரல்விட்டு எண்ணினார்.

"நாங்க பதினேழு கொண்டாந்தோம், பதினெட்டு இருக்குது. உங்களாண்ட பத்து. நல்ல காரியத்துல ரெண்டு பக்கமும் ரெட்டைப்படையாமா?"

அந்தப் பெண்ணாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? "இப்பதான் அத்த நிலையா இருக்குது. நாம நெகட்டிவ்" என்றாள்.

என் தங்கை அழ ஆரம்பித்தாள். நான் தட்டை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அத்தை விடவில்லை. எல்லாத் தட்டையும் எடுத்து, விளக்கேற்றி, முதலிலிருந்து வைக்கச் சொன்னார். வைத்து முடிப்பதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. ஆறு மணி வரை மண்டபமே ஆறிப்போன பஜ்ஜியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் தட்டு மாற்றினார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷமானாலும் ஒரே பேச்சுதான்: "டீச்சரம்மாவ மொதல்ல சாப்பிட அனுப்புங்கப்பா, அப்புறம் தட்டு வைக்கலாம்."

போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. உள்ளே வரிசைத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் நான், காலியான பந்தியில் தன்னந்தனியாக இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.