கைப்பிடி வெயிலுக்காகக் களத்தை மூடுவதா

புதுச்சத்திரம்,
தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை

தீர்க்காயுசோடும் குறையாத செல்வத்தோடும் வாழவேண்டிய தம்பி சின்னண்ணனுக்கு, அக்கா சௌந்திரம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் எருமைகளும் சுகம். அங்கே சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகள் வீட்டில் நீயும் உன் சர்க்கரையும் மூட்டு வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுக்காதவனுக்கு எத்தனை தரம் அடிப்பது என்றுதான், ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு சேலம் வருகிற நம் டிரைவர் மாரியப்பன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும், முழுக்கப் படி.

நீ நம் சேகோ ஆலையில் மரவள்ளி மாவு காயப்போடுகிற களத்தை மூடப்போகிறாய். மாவு காயவைக்கிற மெஷினுக்குச் சொல்லிவைக்கத்தான் சேலம் போயிருக்கிறாய். களத்தில் மாவு கிளறுகிற பொம்பளைகளிடம், தீபாவளிக்கு மேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாய். ஏண்டா என்று கேட்டால், 'உன் பேத்தியே சூரியன் கொறஞ்சுபோச்சுன்னு சொல்லிப்போட்டா, இனிக் களத்தை வெச்சு என்னக்கா பண்றது' என்கிறாய். என் பேத்தி பேரைச் சொல்லி நீ அந்தப் பொம்பளைகள் வயிற்றில் அடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் சொன்னது என்ன, உன் காதுக்கு வந்து சேர்ந்தது என்ன என்பதை இப்போது தெரிந்துகொள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி சண்முகப்பிரியா பெங்களூரில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பது உனக்குத் தெரியும். சூரியனிலிருந்து எவ்வளவு வெயில் வருகிறது, அது கூடுகிறதா குறைகிறதா என்று வானத்தில் சுற்றுகிற ஒரு கருவி அளந்து அனுப்ப, அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறவள் அவள். போன வாரம் காலையில் கூப்பிட்டு, 'அம்மாயி, சூரியன் கொறஞ்சிருக்குது, எங்க கருவி அதைப் புடிச்சிருச்சு' என்றாள். குரலைக் கேட்டால் ஏதோ வீட்டில் எருமை கன்று போட்ட மாதிரி அத்தனை சந்தோஷம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால் ஊற்றப் போன இடத்தில் சொன்னேன். கொஞ்சம் குறைந்திருக்கிறதாம் என்றுதான் சொன்னேன். பால் சொசைட்டியிலிருந்து டீக்கடைக்குப் போகிற வழியில் அந்தக் 'கொஞ்சம்' விழுந்துவிட்டது. டீக்கடையிலிருந்து சலூனுக்குப் போகும்போது சூரியனில் கால்வாசி குறைந்துவிட்டது. அங்கே சவரத்துக்கு உட்கார்ந்திருந்த கோழிப்பண்ணை காளிதாஸ் பாதி முகத்தோடு எழுந்து ஓடி, வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டை வைக்காதே என்று பட்டப்பகலில் பண்ணை முழுக்க பல்பு போட்டான், பொழுது சாய்ந்தும் அணைக்கவில்லை, கோழிகள் தூக்கம் கெட்டு ஒன்றையொன்று கொத்திக்கொண்டு கிடக்கின்றன, அவன் பெண்டாட்டி சரிதா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நானா அவனைப் பல்பு போடச் சொன்னேன்?

உன்னிடம் வரும்போது சூரியன் பாதி ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து வானமும் மூடாப்பு போட்டுக்கொண்டது. களத்தில் பரப்பிய மாவு காயாமல் புளிச்ச வாடை அடித்தது. மெஷின் விற்கிற ஆளும் அன்றைக்கே வந்து நின்றான். 'இனி வெயிலை நம்பித் தொழில் பண்ண முடியுங்களாண்ணா' என்று அவன் வானத்தைக் காட்ட, நீயும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிட்டாய். ஏண்டா தம்பி, ஐப்பசியில் மூடாப்பு போடுவது உனக்குப் புதுசா? நடுவில் மேகம் வந்து நின்றதற்குச் சூரியன் என்ன செய்யும்? வாசலில் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே இருக்கிறவன் செத்துப்போனான் என்பாயா?

உன் கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் பிரியாவைக் கூப்பிட்டேன். முதலில் சிரித்தாள். களத்துப் பொம்பளைகள் சமாசாரத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

'அம்மாயி, கொறஞ்சது ஆயிரத்துல ஒரு பங்குதான்.'

'அப்புடிச் சொன்னா உங்கம்மா மாமனுக்கு வெளங்காது சாமி. மூட்டைக் கணக்குல சொல்லு.'

'நூறு கிலோ மூட்டையில நூறு கிராம்.'

ஒரு கைப்பிடி, தம்பி. மூட்டை கட்டும்போது கீழே சிந்துவது அதைவிட ஜாஸ்தி. அதுவும் நிரந்தரமாகக் குறைந்துவிடவில்லை. சூரியன் மேல் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் வந்ததாம். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறதே, அந்தப் புள்ளிகள் நம் பக்கமாக நகர்ந்து இப்போது அந்தப் பக்கம் போய்விட்டன, வெயிலும் பழையபடி ஏறிவிட்டது. இன்னொன்றும் சொன்னாள், கேட்டால் அசந்துபோவாய். பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம் இந்தப் புள்ளிகள் பெருகிப் பெருகி வடிகின்றன. பெருகுகிற வருஷத்தில் சூரியன் மங்கும் என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை, சற்றே கூடத்தான் எரியுமாம். புள்ளியைச் சுற்றிப் பளபளவென்று திட்டுகள் வந்து, புள்ளி தின்றதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனவாம்.

அதை அளக்கிற விதத்தைக் கேள். அந்தக் கருவிக்கு உள்ளே கன்னங்கரேலென்று ஒரு சின்னக் குழி. மூடி திறந்தால் வெயில் உள்ளே போகும், திரும்பி வராது, குழி சூடாகும். மூடியைச் சாத்திவிட்டு, அதே சூட்டைக் கரண்டைக் கொண்டு உண்டாக்குவார்கள். எவ்வளவு கரண்டு பிடித்ததோ அவ்வளவு வெயில். தராசில் ஒரு தட்டில் சூரியன், மறு தட்டில் கரண்டு. அந்தக் குழியும் நாளாக நாளாக வெயில் பட்டுப் பழசாகி ஏமாற்றுமே என்றேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி இன்னொரு குழியை மூடியே வைத்திருந்து, எப்போதாவது மட்டும் திறந்து இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள். நாம் தினம் உடுத்துகிற சேலை எவ்வளவு வெளுத்துவிட்டது என்று, அதே ஜோடியில் எடுத்துப் பீரோவில் மடித்து வைத்த சேலையை எடுத்துப் பார்ப்பதில்லையா, அப்படி. இதையெல்லாம் இங்கே மண்ணில் நின்று செய்தால் மேகமும் தூசியும் தின்று மிச்சம் வைத்த வெயில்தான் கிடைக்கும் என்றுதான் மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மார்கழி முடிகிற குளிரில்தான் நாம் சூரியனுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறோமாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் வாயை மூடு என்றிருப்பேன். அந்தக் கிட்டத்தையும் தூரத்தையும்கூடக் கணக்கில் கழித்துவிட்டுத்தான் எங்கள் பிள்ளை பேசுகிறாள்.

நம் ஆலை எடைமேடையை நினைத்துப் பார். லாரியில் டிரைவர் இருந்தாலும் இறங்கினாலும் ஒரே எடை காட்டுகிறது. நம் வீட்டுப் பிள்ளையோ, எட்டாத தூரத்தில் எரிகிற சூரியனில் ஒரு கைப்பிடி குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்படிப்பட்டவள் பேச்சைக் கேட்பதென்றால் முழுசாகக் கேள். சூரியன் சரியாக இருக்கிறது என்பதுதான் அவள் பேச்சு. ஆகவே மெஷின்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. களத்தைத் திற. பொம்பளைகளை வேலைக்கு வரச் சொல். மூடாப்பு விலகி இன்றைக்குச் சுள்ளென்று அடிக்கிற வெயிலைப் பார்த்தால், உன் மேல் கோபப்பட்டு அடிக்கிற மாதிரி இருக்கிறது.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல். அங்கே இனிப்பைக் கண்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடு. நம் குலதெய்வம் உனக்கு ஆயுசையும், அதோடு கொஞ்சம் பொறுமையையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அக்கா,
சௌந்திரம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால், உங்களுக்காக எப்படி வாதாடியிருக்கிறேன் கேள் என்று களத்தில் வேலை செய்கிற சுப்பம்மாளைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, 'ஏனுங்க ஆத்தா, மெசினு வேண்டாம்னு நாங்க எப்பங்க சொன்னோம்' என்றாள். வேலை போய்விடுமே என்றேன். 'மெசினுல மாவை யாருங்க அள்ளிப் போடுவாங்க? அந்த வேலையை எங்களுக்கே குடுக்கச் சொல்லுங்க. உச்சி வெயில்ல அந்தச் சிமிட்டிக் களத்துல வந்து நின்னு பாருங்க, பாதம் பொத்துப்போகும். உங்க பேத்தி என்ன, வெயில்ல நின்னுட்டா சூரியனை அளக்குது? நெழல்ல உக்காந்துதானுங்க அளக்குது' என்றாள். ஆகையால், சூரியனைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அப்படியே நிற்கட்டும். களத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். மெஷினை வாங்கிவிடு, ஆனால் இதே பொம்பளைகளை வைத்து ஓட்டுவதாக இருந்தால் மட்டும் வாங்கு, ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் வருவானா என்று கேட்டுக்கொள். மெஷின் அனல் அடிக்கும், கொட்டகையில் ஒரு ஃபேன் மாட்டிவிடு. இதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு என்று எழுதச் சொல்கிறாள்.