முட்டைக்கோசு உரம்

எல்ஸியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் என் மாட்டிறைச்சியைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி, நான் டப்பாவில் கொண்டுபோன துண்டை ஒரு கடி கடித்தாள்.

"பெர்ட், இது மாடா, பூட்ஸா?"

"மூணு மணி நேரம் வெந்துச்சு."

"தெரியுது. நாளைக்கு ரெண்டு போதும். கிளம்பு, பஸ் போயிடும்."

மறுநாள் இரண்டு மணி நேரம்தான் வேகவிட்டேன். எடுத்துப்போக வேண்டியிருக்கவில்லை.

சமையல் என் தலையில் விழுந்த கதை இது. போரில் நான் படைப்பிரிவு அலுவலகத்தில் எழுத்தர். சுட்டதைவிடச் சொற்களைச் சுருக்கியது அதிகம். ராணுவத்தில் எதற்கும் முழுப் பெயர் கிடையாது. அந்தப் பழக்கத்தோடு வீடு திரும்பினேன். எல்ஸி தலைவலி என்றால் "எம். அண்ட் டி." என்பேன். மெடிசின் அண்ட் டியூட்டி: மருந்தைக் குடி, வேலைக்குப் போ. சோம்பேறிச் சிப்பாய்களுக்குப் படை மருத்துவர் எழுதுவது. பக்கத்து வீட்டு அக்ராய்டும் பழைய சிப்பாய். நாங்கள் வேலியோரம் பேசத் தொடங்கினால் எல்ஸி கொட்டாவி விடுவாள்.

ஒரு வசந்தத்தில் டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். எல்ஸி கிறிஸ்துமஸ் வரை தாங்கமாட்டாள், அவளிடம் சொல்லவேண்டாம் என்றார். அப்போது அதுதான் வழக்கம். நோய் மனைவிக்கு, சேதி கணவனுக்கு.

சபதம் எடுத்தேன். என் எல்ஸி பயப்படாமல் போகவேண்டும். என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

சொல் வரவில்லை. எழுத்து வந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றான் அக்ராய்டு, வேலிக்கு அந்தப் பக்கம்.

"டி.ஐ.எல்."

டேஞ்சரஸ்லி இல் லிஸ்ட்: உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களின் ராணுவப் பட்டியல். அக்ராய்டு தொப்பியைக் கழற்றினான். சமையலறை ஜன்னல் திறந்தது.

"பெர்ட்! அதென்ன டி.ஐ.எல்.?"

"உரம், எல்ஸி. முட்டைக்கோசுக்கு."

"நல்ல உரமா?"

"புதுசு. இனிமேதான் போட்டுப் பாக்கணும்."

"அப்ப நிறையப் போடு."

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாளே எல்ஸிக்கு முழங்கால் வலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை வேலை வாங்கினாள். சாகப்போகிறவளிடம் மறுக்க மனம் வருமா? மாவு கரைத்தேன். காலுறை தைத்தேன். இஸ்திரி போட்டேன், சட்டைக் காலர் கருகியது.

"முதுகு வலிக்குது, எல்ஸி."

"எம். அண்ட் டி.! விளக்கெண்ணெய் அலமாரியில இருக்கு. குடிச்சிட்டு வந்து உருளைக்கிழங்கை உரி."

"உனக்கு இரக்கமே கிடையாதா?"

"இருந்துச்சு. உன்னைக் கட்டிக்கிட்டதுல செலவாயிடுச்சு."

பாவம், ஒன்றும் தெரியாமல் அதிகாரம் பண்ணுகிறாள் என்று கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்து உரித்தேன்.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு, ஊர் வழக்கப்படி, பன்றித்தொடைக் கறியும் தேநீரும். நானே நறுக்கினேன். அக்ராய்டிடம் பெருமையாகச் சொன்னேன்:

"கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாம பாத்துக்கிட்டேன்."

அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"பெர்ட், போர் சமயத்துல எல்ஸி என்ன வேலை பாத்தா?"

"ஏதோ ராணுவ ஆபீஸ்ல டைப் அடிச்சா."

"என்னத்த அடிச்சா?"

எனக்குத் தெரியாது. என் போரைச் சொல்லி முடிக்கவே இருபது வருடம் போதவில்லை. அவளுடையதைக் கேட்க நேரம் ஏது?

"போர்முனையிலேர்ந்து வர்ற டி.ஐ.எல். தந்தியெல்லாம் அவ மேசைக்குத்தான் வரும். பெத்தவளுக்குப் புரியற மாதிரி அதை முழு வாக்கியமா எழுதறது அவ வேலை. நீ உரம்னு சொன்னியே, அன்னைக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்கு வந்தா."

"வந்து?"

"'அவன்கிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிற வரைக்கும் சொன்னதைச் செய்வான். அதுக்குள்ள சமைக்கக் கத்துக்கட்டும்'னா."

"முழங்கால் வலி?"

"அதுக்கப்புறமும் நீ இல்லாதப்ப வருவா. எங்க மாடிப்படியை அவ விறுவிறுன்னு ஏறுவா, எனக்குத்தான் மூச்சு வாங்கும்."

இப்போது எல்லாம் சமைக்கிறேன். ஒரு ஆளுக்கு அளந்து வைக்க மட்டும் அவள் சொல்லித்தரவில்லை. மிஞ்சுவதைத் தின்று அக்ராய்டு பருத்துவிட்டான்.