மூடிகளுக்கு நடுவே ஒரு காசு

ஜோகூர் பாருவின் பேரங்காடிகளில் யாராவது காரைப் பின்னால் எடுத்தால் என் முழங்கால்கள் தாமாக மடங்குகின்றன. பீப்... பீப்... பீப்பீப்பீப். தூண் நெருங்க நெருங்க அந்தச் சத்தம் அவசரப்படும். என் வலது கை, இல்லாத தோட்டக் கரண்டியைத் தேடும். கார் நிறுத்தத்தின் சிமெண்டுத் தரையில் குந்தப் போன ஐம்பது வயதுப் பெண்மணியைப் பார்த்துப் பதறிய காவலர் ஒருமுறை சக்கர நாற்காலியே கொண்டுவந்துவிட்டார். (மறுக்கவில்லை. மின்தூக்கி வரை சொகுசாகப் போனேன்.)

நான் ஓரிடத்தில் நிலைத்து நிற்கத் தெரியாதவள். வசன கவிதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தப்பி ஓடுகிறவள், அவ்வளவே. மாசாயில் எங்கள் வீட்டுப் பின்னறையைத் திறந்தால் என் பழைய ஆசைகள் தூசி படிந்து நிற்கும்: குட்டை மரத் தொட்டிகள், தந்தி அறுந்த உக்குலேலே, மெழுகுவத்தி வார்க்கும் அச்சுகள். அந்தக் கூட்டத்தில்தான் மெட்டல் டிடெக்டரும் வந்து சேர்ந்தது. பொட்டலத்தை நான் பிரித்தபோது என் கணவர் செல்வம் எழுந்து போய்ப் பின்னறையில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு வந்தார்.

ஆனால் அது பின்னறைக்குப் போகவில்லை; பொந்தியான் கடலோரத்துக்குப் போனது. நீளக் கம்பி, கம்பியின் முனையில் வட்டத் தட்டு, என் காதில் ஹெட்போன். தட்டை மண்ணுக்கு மேலே வீசிக்கொண்டே நடந்தால் மண் பேசும். ஆணி என்றால் அடிவயிற்றிலிருந்து உறுமும். குளிர்பான டின்னின் வளையம் என்றால் சலித்துக்கொண்ட மாதிரி முனகும். காசு என்றால் மட்டும், ஈரக் காற்றைக் கிழித்துக்கொண்டு உச்சக் குரலில் ஒரு 'டிங்'. சில வார இறுதிகளிலேயே வளையத்தையும் காசையும் கேட்ட மாத்திரத்தில் பிரித்துவிடும் அளவுக்குத் தேறிவிட்டேன். தேறியதோடு நிறுத்தியிருக்கலாம். 'மண்ணுக்குள் கிடக்கும் காசு, என் செவிக்கு மட்டும் கேட்கும் சிரிப்பு' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். (சின்ன அண்ணி மட்டும் பதில் போட்டார்: ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரின் முகவரி.)

அதைப் பெரியண்ணனும் படித்திருக்கிறார். வந்தது வினை.

எங்கள் குடும்பத்து முனியாண்டி, பெக்கோக் பக்கம் ஓர் எஸ்டேட் ஓரத்தில் ஒரு கல்லாக நிற்கிறவர். அங்கே பால்மரம் சீவிய அப்பா, நான் பிறப்பதற்கு முன்பே நட்ட கல். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது அந்தச் செம்பனையையும் அழித்து மறுநடவு செய்யப்போகிறார்கள். திங்கட்கிழமை மண்வாரி வருகிறது, அதற்குள் உங்கள் சாமியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் மரியாதையாகவே சொல்லிவிட்டது. டவுனில் பெரியண்ணன் வீட்டுக்குப் பின்னால் இடமும் தயார்.

சிக்கல் கல்லில் இல்லை, கல்லுக்கு அடியில். கல் நடும்போது குழிக்குள் ஒரு காசு வைத்து நடுவது எங்கள் வழக்கம். கல் இடம் மாறினால் காசும் கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் போவது வெறும் கல். சாமி பழைய இடத்திலேயே நின்றுவிடும். அப்பா தன் கையால் வெள்ளிக் காசு வைத்தார், என்னிடமே சொல்லியிருக்கிறார் என்பது பெரியண்ணன் கட்சி. அப்பா வைத்தது எலுமிச்சம்பழமும் மஞ்சளும்தான், வெள்ளிக் காசு அண்ணன் கண்ட கனவு என்பது சின்னண்ணன் கட்சி. காசு கிடைக்காமல் கல்லைத் தொட விடமாட்டேன் என்றார் பெரியவர். அப்படியானால் மண்வாரி தொடட்டும் என்றார் சின்னவர். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. போதாக்குறைக்கு, ஒரு புயலில் கல்லுக்கு நிழல் தந்த சாமி மரம் சாய்ந்தபோது, அவசரத்தில் அடியைத் தோண்டாமல் கல்லை வேறு நகர்த்தி வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் நகர்த்தினார்கள் என்பதில் குடும்பத்தில் தலைக்கு ஒரு கருத்து. தேட வேண்டிய இடம் ஒரு பூப்பந்துத் திடல் அளவுக்கு விரிந்திருந்தது.

பெரியண்ணன் எனக்குப் போன் போட்டார். "பாப்பா," என்றார். (ஐம்பது வயதிலும் அவர்களுக்கு நான் பாப்பாதான்.) "ஒங்கிட்ட ஏதோ மெஷின் இருக்காமே. காசு எங்க இருக்குன்னு சொல்லுமாமே."

ஒரு வார்த்தை, 'பார்க்கலாம்ணே' என்று அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை நானும் செல்வமும் போய் இறங்கியபோது குடும்பம் மொத்தமும் அங்கே நின்றது. கல்லை ஏற்றிப் போக மாலை கட்டிய லோரி. படையலுக்குச் சமையல். காசு கிடைத்த நொடியில் அடிப்பதற்கென்று பெரியண்ணன் உறுமி மேளக் குழுவையே வரவழைத்திருந்தார். நானும் சும்மா போகவில்லை. அகலத் தொப்பி, முட்டிக் கவசம், இடுப்பில் தோட்டக் கரண்டி. நிலவில் இறங்கியவர்கூட அவ்வளவு தயாரிப்போடு இறங்கியிருக்க மாட்டார். கூட்டத்தைப் பார்த்து, மண் என்பது மௌனமல்ல, நமக்குச் செவியில்லை, அவ்வளவுதான் என்று ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். உறுமிக்காரர் கொட்டாவி விட்டார்.

தட்டை வீசிய இரண்டாம் வீச்சிலேயே கேட்டது. உச்சக் குரல். மெஷினின் திரையில் தெரிந்த எண்ணும் காசுக்கு உரியதுதான். "இங்க!" என்று கத்தினேன். உறுமி முழங்கியது, அண்ணிகள் குலவையிட்டார்கள், யாரோ சூடம் ஏற்றினார்கள். பெரியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு இரு கையையும் ஏந்தி நின்றார். நான் தோண்டி எடுத்து, மண்ணைத் துடைத்து, அந்தக் கைகளில் வைத்தேன்.

ஒரு பாட்டில் மூடி.

ஓரமெல்லாம் பல் வைத்த, துருப்பிடித்த ஸ்டவுட் பீர் மூடி.

பதறாதே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த 'டிங்'. உறுமி, குலவை, சூடம். மூடி. அதற்கடுத்த 'டிங்'. உறுமி கொஞ்சம் மெலிந்திருந்தது, குலவை வரவில்லை. மூடி.

விஷயம் மெல்ல உறைத்தது. முனியாண்டிக்குச் சுருட்டும் ஸ்டவுட்டும் படைப்பது எங்கள் வீட்டு முறை. அப்பா காலம் தொட்டு ஆண்டு தவறாமல் பாட்டிலைத் திறந்து சாமி முன்னால் ஊற்றியிருக்கிறோம். காலிப் பாட்டிலைப் பத்திரமாக எடுத்துப் போவோம். திறந்த மூடியை யார் சட்டை செய்தது? நானே சின்ன வயதில் அதைக் குதிகாலால் மண்ணுக்குள் அழுத்தி விளையாடியிருக்கிறேன். பொந்தியான் கடலோரத்தில் ஜனங்கள் டின்னில் குடித்தார்கள். நான் வளையங்களிடம் பாடம் படித்தேன். மூடி என் பாடத்திலேயே இல்லை. சாதியால் இரும்பு, ஆனால் காசு மாதிரியே வட்டம், காசு மாதிரியே தட்டை, காசு மாதிரியே குரல்.

சின்னண்ணன் ஒரு வாழையிலையை விரித்து, நான் எடுத்த மூடிகளை அதில் வரிசையாகப் பரிமாறத் தொடங்கினார். "சாமி நல்லாத்தான் குடிச்சிருக்கு லா," என்றார். "பாப்பா, அப்படியே சோறும் எங்கயாச்சும் தட்டுப்படுதான்னு பாரேன்." எல்லாரும் சிரித்தார்கள். உறுமிக்காரர், நான் குனியும்போதெல்லாம் குச்சியால் தோலை மெல்ல ஒரு இழு இழுத்தார். 'உர்ர்ர்'. அது பக்தி இல்லை என்று எனக்குத் தெரியும்.

உச்சி வெயில் வந்தபோது அந்த இடம் அம்மை கண்ட முகம் மாதிரி ஆகியிருந்தது. பெரியண்ணன் லோரிப் படியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போதும் பாப்பா. மெஷின மூடு," என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். காசு இல்லை என்றால் கல் இங்கேயே கிடக்கும். திங்கட்கிழமை மண்வாரி அதைக் குப்பையோடு குப்பையாக அள்ளும். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது: அப்பா இவரிடம் சொன்னது பொய் என்று, சொந்தபந்தம் மொத்தத்தையும் கூட்டி வைத்து, மேளத்தோடு நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன் நான்.

மெஷினைத் தரையில் சாய்த்தேன். அணைக்க மறந்திருந்தேன். இலையிலிருந்து உருண்டு தனியே கிடந்த ஒரு மூடியைத் தட்டின் ஓரம் உரசிப் போனது. 'டிங்' கேட்டது, ஆனால் அந்த 'டிங்'குக்கு முன்னால், தொண்டையில் சளி கட்டியதுபோல ஒரு 'கர்'.

நின்றேன். திரும்பி மறுபக்கத்திலிருந்து வீசினேன். குரல் கிழிந்தது. திரையில் எண் தத்தளித்தது. குறுக்கே வீசினேன், இன்னும் மோசமாகக் கிழிந்தது. காலையெல்லாம் ஒரே திசையில் ஒரே வீச்சு, கேட்டதும் கூச்சல் என்று இருந்தவளுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

சின்னண்ணனிடம் ஒரு காசு கேட்டேன்.

"எதுக்கு? நீயே பொதச்சு நீயே எடுக்கப் போறியா?"

கொடுத்தார், இருபது காசு. அதைத் தள்ளிப் போட்டு வீசினேன். இப்படி, அப்படி, குறுக்கே, நெடுக்கே. எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் அதே குரல், முழுசாக, கிழிசல் இல்லாமல். மூடிக்கு ஒரு பக்க நியாயம்தான் உண்டு. காசு நாலு பக்கமும் ஒன்றே சொல்லும்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் திடலின் மூலையிலிருந்து மறுபடி தொடங்கினேன். ஒவ்வொரு 'டிங்'கையும் சுற்றி வந்து நாலு திசையிலும் விசாரித்தேன். கிழிந்தவற்றை எல்லாம் அப்படியே விட்டுக் கடந்தேன். அந்த நடை எனக்குப் புதிது. வாழ்நாள் முழுக்கக் கேட்டவுடன் பாய்ந்தவள், முதல்முறையாகக் கேட்டும் பாயாமல் நடந்தேன். செம்பனை ஓலைகள் மேலே உரசிக்கொண்டன. வியர்வை கண்ணில் இறங்கியது.

சாய்ந்துபோன சாமி மரத்தின் வேர்க்குழி அருகில் அது கேட்டது. சின்னக் குரல், ஆழத்திலிருந்து. வடக்கே இருந்து வீசினேன், முழுசு. கிழக்கே இருந்து, முழுசு. உறுமிக்காரர் குச்சியைத் தூக்கினார். வேண்டாம் என்று கை காட்டினேன். கை முழங்கைவரை உள்ளே போகும் ஆழத்துக்குத் தோண்டினேன். விரலில் தட்டுப்பட்டது வட்டமாக இல்லை. மூலைகள் மழுங்கிய ஒரு சதுரம். வெள்ளைக்காரன் காலத்துச் செம்பு ஒரு காசு நாணயம், பச்சைப் பாசியாய்க் களிம்பேறி, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நூலிழை மஞ்சள் துணியோடு.

சாப்பாட்டை விட்டு எப்போது வந்தார்களோ, இரண்டு அண்ணன்களும் என் தலைக்கு மேலே குனிந்து நின்றார்கள்.

"இது சதுரமா இருக்கு," என்றார் பெரியண்ணன். "அப்பா வெச்சது வெள்ளி, பாப்பா. வெள்ளின்னுதான் சொன்னாரு."

சின்னண்ணன் அந்தத் துணியிழையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, பேச்சு நின்றுபோன நாளுக்குப் பின் முதல்முறையாக, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, சீவுகாட்டுச் சம்பளத்துல அப்பாவுக்கு வெள்ளி எங்கேருந்து வரும்? இருந்தது இதான். வெச்சிருக்காரு பாருங்க. மஞ்சத் துணி சுத்தி வெச்சிருக்காரு. நான்தான் வெக்கலன்னு சொல்லிட்டேன்."

பெரியண்ணன் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தம்பியின் கண்ணிலும் ஒற்றினார்.

அப்போது அடித்தார்கள் பாருங்கள் உறுமி! காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் தோலில் வெடித்தது. சோற்றுக் கையோடு அண்ணிகள் ஓடி வந்து குலவையிட்டார்கள். கல்லை ஆறேழு பேர் தூக்கினார்கள்; வெறும் கல் போலவே இல்லை, எழுந்து நடந்தாற்போல லோரியில் ஏறியது. என் தொப்பிக்கு மேல் யாரோ மாலையைப் போட்டார்கள். முகமெல்லாம் சேறு, முட்டிக் கவசம் கணுக்காலில் கிடந்தது, நான் ஆடினேன். மெஷினோடு ஆடினேன். செல்வம் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார், பகையானால் பயன்படும் என்று.

அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் மூடி அத்தை. புது இடத்தில் படையல் போடும்போது, பாட்டிலைத் திறப்பவர் மூடியை முதலில் என் கையில் பயபக்தியோடு கொடுத்துவிட்டுத்தான் சாமிக்கு ஊற்ற வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்கள் இதை ஏதோ பூர்வீகச் சடங்கு என்றே நம்புகிறார்கள். யாரும் திருத்துவதில்லை. நானும்தான்.

அன்று மாலை லோரி முன்னால் போய்விட்டது. சின்னண்ணன் கல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனார். நாங்கள் மாசாய்க்குக் கிளம்பக் காரில் ஏறினோம். பெரியண்ணன் மட்டும் செம்மண் பாதையில் எங்களுக்காக நின்றார். கண்ணாடியை இறக்கினேன். நன்றி சொல்லப் போகிறார் என்று முகத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன். அவர் லோரி போன திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டி, குரலைத் தணித்தார்.

"நாளைக்குக் காலைல மெஷினோட வந்துரு பாப்பா. சின்னவனுக்குத் தெரிய வேணாம். அந்த வெள்ளிக் காசும் அங்கதான் இருக்கு."